ஓவர் சொல்லாத சாயங்காலம்

வயர்லெஸ் அறையில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். “அக்கா, ஒவ்வொரு தடவ பேசி முடிச்சதும் ஓவர் சொல்லணுங்காங்க. ஓவர்னா முடிஞ்சிட்டுன்னுதான அர்த்தம்? முடிஞ்சிட்டுன்னு சொன்ன பொறவு அவங்க ஏன் பதில் பேசுதாங்க?” கேள்வி நியாயமானதுதான். பதிலைத் தட்டத் தொடங்கினேன். விரல் வலித்ததே தவிர பதில் முடியவில்லை. அழித்துவிட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை.

எனக்கு அந்தச் சொல் அறிமுகமானது திட்டு வாங்கித்தான். நாசரேத்தில் நான் கண்ணாடி முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றால் அம்மா, “ரொம்ப ஓவராப் போறளா” என்பாள். அண்ணனுக்கு ஓவர் என்றால் ஆறு பந்து. அப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். கடிதத்தின் அடியில், தாளைத் திருப்பவும் என்பதை ஆங்கிலத்தில் மூன்றெழுத்தாகச் சுருக்கி எழுதுவார். அதில் மூன்றாவது எழுத்தும் இதே ஓவர்தான் என்று எங்களுக்கு விளக்கமும் சொல்வார். தையல்காரர் ஜாக்கெட்டின் ஓரத்துக்கு ஓவர்லாக் அடிப்பார். கண்டக்டர் ஓவர்லோடு என்று கத்துவார், கத்திக்கொண்டே இன்னும் நாலு பேரை ஏற்றுவார். சம்பளத்தில் ஓவர்டைம், சினிமாவில் ஓவர் ஆக்டிங், ரயில்வே கேட் இருந்த இடத்தில் ஓவர்பிரிட்ஜ். மேலே என்றாலும் அதுதான், மிதமிஞ்சியது என்றாலும் அதுதான், முடிவு என்றாலும் அதுதான். ஒரே ஆளை இத்தனை வேலைக்கு அனுப்பினால் எந்த வேலையைத்தான் உருப்படியாகச் செய்வான்?

வயர்லெஸ்ஸில்தான் அந்தச் சொல் உருப்பட்டது. அங்கே அதற்கு ஒரே பொருள்: நான் சொல்லிவிட்டேன், இனி நீ சொல், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முடித்துக்கொண்டு கிளம்புவதற்கு ‘அவுட்’ என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. சினிமாவில் இரண்டையும் சேர்த்து ‘ஓவர் அண்டு அவுட்’ என்று சொல்வதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேசு என்று சொல்லிவிட்டு அதே மூச்சில் கதவைச் சாத்துவது என்ன மரியாதை?

நான் வேலை பார்த்தது தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில், தோணி முதலாளிகள் சேர்ந்து நடத்திய வயர்லெஸ் அறையில். தோணி என்றதும் மீன் பிடிக்கிற படகை நினைக்க வேண்டாம். வெங்காயமும் செங்கலும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வரும் மரக்கப்பல் அது. அதன் தலைவருக்குத் தண்டல் என்று பெயர். நான் டீச்சர் ஆகவில்லையே என்று அப்பாவுக்கு வருத்தம். சர்ச்சில் பாடுகிற குரலை வைத்துக்கொண்டு தோணிக்காரனைக் கூப்பிடப் போகிறாயே என்று சொல்லிக் காட்டினார். பயிற்சி, லைசென்ஸ் பரீட்சை, கடலைப் பார்த்த பயம் எல்லாம் முதல் வருஷத்தோடு கழிந்தன. அவற்றைச் சொல்லி உங்களை அறுக்க மாட்டேன்.

எனக்கு மேலே இருந்தவர் தேவசகாயம் சார். கப்பற்படையில் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். அவருடைய உயிரே ஒரு விஷயத்தில் இருந்தது. மைக்கில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கியிருக்கும்வரை நாம் பேசலாம், ஆனால் எதிராளி பேசுவது நமக்குக் கேட்காது. விட்டால்தான் கேட்கும். அதனால் ஓவர் சொன்னதும் மைக்கைக் கையில் வைத்திருக்கக் கூடாது. மேசையில் மடித்துப் போட்டிருக்கும் துவாலை மேல் வைத்துவிட வேண்டும். கையில் இருந்தால் வாய் சும்மா இருக்காது என்பார். பதில் வரத் தாமதமாகி நான் மறுபடியும் மைக்கை எடுக்கப் போனால், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே, “உன் முறை முடிஞ்சுதும்மா. இப்ப அவன் நேரம்” என்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வீட்டிலும் அப்படித்தானாம். சண்டை போடக்கூட லாயக்கில்லாத மனுஷன் என்று அவர் சம்சாரம் என்னிடம் குறைப்பட்டிருக்கிறார்.

காலையில் ஒரு அழைப்பு, சாயங்காலம் ஒரு அழைப்பு. கடலில் இருக்கும் ஒவ்வொரு தோணியையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். எங்கே இருக்கிறார்கள், காற்று எப்படி, ஆட்கள் சுகமா, மூன்று கேள்விதான். குடும்பத்து ஆட்கள் மைக்கில் பேச அனுமதி இல்லை. ஆனால் சார் சன்னலைச் சாத்த மாட்டார். திரேஸ்புரத்திலிருந்து தண்டல்மாரின் பெண்டாட்டிகளும் அம்மாமாரும் வந்து சன்னலுக்கு வெளியே நின்று கேட்பார்கள். குரல் கேட்கப் போகிறோம் என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டு வருவார்கள். தன் வீட்டு ஆளின் குரல் வந்ததும் முக்காட்டைச் சரி செய்துகொண்டு போய்விடுவார்கள். என்ன சொன்னான் என்பது முக்கியமில்லை.

அதில் ஒருத்தர் செபஸ்தியம்மாள். கருவாட்டு வியாபாரம், கணவர் இல்லை, ஒரே மகன் கஸ்பார். ‘மரிய தங்கம்’ தோணியின் தண்டல். இளவயதிலேயே தண்டல் ஆனவர். நான் அச்சடித்த மாதிரித் தமிழ் பேசுவதால் அவர்தான் முதலில் என்னை ‘டீச்சர்’ என்று கூப்பிட்டார். பிறகு எல்லாத் தோணியும் அப்படியே பிடித்துக்கொண்டது. அப்பாவின் ஆசை இப்படியாவது நிறைவேறியது.

கஸ்பாரின் குரல் எனக்குப் பிடித்துப்போனது எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. ஒருமுறை காய்ச்சல் என்று நான் வராமல் இருந்து, மறுநாள் வந்து கூப்பிட்டபோது அவர், “நேத்து வேற ஆளு பேசுனாக டீச்சர். இன்னைக்கித்தான் தெளிவாக் கேக்குது. ஓவர்” என்றார். அந்த அலைவரிசையில் அத்தனை தோணியும் கேட்டுக்கொண்டிருக்கும். எவனோ ஒருவன் வேண்டுமென்றே மைக்கை அமுக்கிக்கொண்டு இருமினான். நான் தென்கிழக்குக் காற்று என்று சொல்லவேண்டிய இடத்தில் வடமேற்குக் காற்று என்று சொல்லி, திருத்தி, சார் முகத்தைப் பார்க்காமல் மைக்கை வைத்தேன்.

இத்தனைக்கும் அவர் முகம் எனக்குத் தெரியாது. தோணி கரைக்கு வந்துவிட்டால் வயர்லெஸ்ஸுக்கு வேலை இல்லை. சன்னல் வழியே எத்தனையோ ஆண்கள் போவார்கள். அதில் எது கஸ்பார் என்று யாரிடம் கேட்பது? கேட்டால் கண் காது மூக்கு வைத்துவிடுவார்கள். அவர் பரதவர் வீட்டுக் கத்தோலிக்கர். நான் நாசரேத் புராட்டஸ்டண்ட் சபை, ஹெட்மாஸ்டர் மகள். நடக்கக் கூடிய காரியமா என்று என்னை நானே அதட்டிக்கொள்வேன். அதட்டிவிட்டுக் காலை அழைப்புக்கு நேரத்துக்கு முன்பே போய் உட்கார்ந்துகொள்வேன்.

ஐப்பசி மாதத்தில் ஒரு மத்தியானம். மரிய தங்கம் மாலத்தீவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே வானம் சரியில்லை. அழைப்பு நேரம் இல்லாத நேரத்தில் அவர் குரல் வந்தது. “டீச்சர், எஞ்சின் ரூம்ல தண்ணி ஏறிட்டு. பம்பு ஓடல. எல்லாரும் எறச்சிக்கிட்டு இருக்கோம். பேட்டரி…” அத்தோடு அறுந்தது. எங்கே இருக்கிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. தோணியில் அவரோடு சேர்த்து ஏழு பேர்.

சேதி எப்படித்தான் பரவுமோ, சற்று நேரத்தில் சன்னலில் செபஸ்தியம்மாள் நின்றார். அறைக்குள் தோணி முதலாளி வந்துவிட்டார். ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும் பெரிய மனிதர், செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தார். வந்தவர் மைக்கைப் பிடுங்கி, ஏலே கஸ்பாரு எங்கன இருக்க, பதில் சொல்லுலே என்று கத்தத் தொடங்கினார். அழுதுகொண்டே கத்தினார். பொத்தானை விடவே இல்லை. பயந்தவர்கள் எல்லாரும் செய்கிற தப்புத்தான் அது. பதில் கேட்டுக் கத்துவார்கள், பதில் வருகிற வழியைத் தங்கள் விரலாலேயே அடைத்துக்கொண்டு நிற்பார்கள். சார் எழுந்தார். சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார். அண்ணாச்சியின் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

“நீங்க அமுக்கிக்கிட்டு இருக்கிற வரைக்கும் அவன் ஊமை, அண்ணாச்சி” என்றார்.

பிறகு செட்டில் இரைச்சலை அடக்கி வைக்கும் திருகைத் தளர்த்தினார். அறை முழுக்க மழை கொட்டுவது போல ‘ஸ்ஸ்’ என்று சத்தம். மைக்கை என்னிடம் நீட்டி, அவனுக்குப் பழக்கமான குரல் உன்னுடையதுதான், கூப்பிடு என்றார். கூப்பிட்டேன். மரிய தங்கம், மரிய தங்கம், மரிய தங்கம், கேக்குதா, ஓவர். மைக்கைத் துவாலையில் வைத்தேன். இரைச்சல்தான். மறுபடி கூப்பிட்டேன். மூன்றாம் முறை கூப்பிட்டு வைத்தபோது இரைச்சல் சட்டென்று நின்றது. ஒரு கணம்தான். மறுபடி இரைச்சல்.

சார் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பு மாதிரி ஒன்றைப் பார்த்தேன். எங்களுக்கு விளக்கினார். பேசும் அளவுக்கு அங்கே பேட்டரியில் தெம்பில்லை, குரல் ஏறவில்லை. ஆனால் அவர் பொத்தானை அமுக்கினால் இங்கே இரைச்சல் அடங்குகிறது. கேட்பதற்குக் கொஞ்சம் மின்சாரம் போதும், ஆகவே நாம் பேசுவது எல்லாம் அவருக்குக் கேட்கிறது. சன்னலைப் பார்த்து, “கேக்கான்மா. ஒங்க மவன் கேக்கான்” என்றார். செபஸ்தியம்மாள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

ஆமாம் என்றால் ஒரு தடவை, இல்லை என்றால் இரண்டு தடவை அமுக்கச் சொன்னேன். கரை தெரியுதா, ஓவர். ஒரு முறை அடங்கியது. மணப்பாட்டுக் குன்றும் கோயிலும் தெரியுதா, ஓவர். ஒரு முறை. குன்று வடக்கே இருக்கா, ஓவர். இரண்டு முறை. நேர் மேற்கே இருக்கா, ஓவர். ஒரு முறை. சார் அடுத்த அறைக்குப் போய்ப் போனில் மணப்பாட்டு ஆட்களுக்கும் துறைமுகத்துக்கும் சொன்னார். மணப்பாட்டிலிருந்து இரண்டு விசைப்படகு கிளம்புகிறது என்று தெரிந்தது. அந்தக் காற்றில் எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

திரும்பி வந்தவர் சொன்னதுதான் என் வேலையிலேயே கடினமான உத்தரவு.

“இனிமே ஓவர் சொல்லாத.”

சொன்னால் அவர் பழக்கத்தில் பதில் சொல்லப் பொத்தானை அமுக்குவார், ஒவ்வொரு அமுக்கலுக்கும் பேட்டரி இறங்கும், படகுகள் பக்கத்தில் வந்து எந்தப் பக்கம் என்று கேட்டால் அமுக்கி வழி காட்ட அவரிடம் கொஞ்சமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்றார். கேள்வியும் கேட்காதே, ஆனால் பேச்சை விட்டுவிடவும் செய்யாதே, குரல் நின்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைப்பார்கள், தண்ணீர் இறைக்கிற கை நின்றுபோகும் என்றார். அதுவரை ஓவர் சொல்லாமல் ஒரு பேச்சையும் நான் முடித்ததில்லை. சாப்பாட்டு மேசையில்கூட வாய் தவறிச் சொல்லி வீட்டில் சிரித்திருக்கிறார்கள்.

பேசினேன். இரண்டு படகு வருகிறது, இறைப்பதை நிறுத்த வேண்டாம், இப்போது மணப்பாட்டை விட்டுப் புறப்பட்டாயிற்று, காற்று சாயங்காலம் தணியும் என்று வானிலைக்காரர்கள் சொல்லுகிறார்கள். சொன்னதையே திருப்பிச் சொன்னேன். எவ்வளவு நேரம்தான் சொல்வது? பைபிளின் சங்கீத புஸ்தகத்தில் மனப்பாடமாக இருந்ததைச் சொன்னேன். உங்கள் அம்மா சன்னலில் நிற்கிறார்கள், கையில் செபமாலை இருக்கிறது என்று சொன்னேன். அண்ணாச்சி செருப்பில்லாமல் வந்தார், ஒருத்தர் கொண்டுவந்து கொடுத்த செருப்பு இரண்டும் இடக்கால் செருப்பு என்று சொன்னேன். அங்கே தண்ணீரில் நிற்கிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்களா, திட்டுவார்களா, தெரியாது. பதிலே வராத பேச்சு ஆளை என்னவோ செய்துவிடுகிறது. சாரும் அண்ணாச்சியும் போனுக்குப் போயிருந்த நேரத்தில் என் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

“கஸ்பார், உங்க முகம் எனக்குத் தெரியாது. நீங்க கடல்ல இல்லாத நாள்ல இந்த மைக்கை எடுக்கவே எனக்குப் பிடிக்கல. நீங்க வரணும். வந்து இந்தச் சன்னல்கிட்ட ஒரு தடவ நிக்கணும்.”

பொத்தானை விட்டேன். இரைச்சல். அத்தனை தோணியும் கேட்டிருக்கும், ஆனால் எவனும் இருமவில்லை. சன்னலில் செபஸ்தியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். செபமாலை அதே மணியில் நின்றது. நாக்கு நுனியில் அந்தச் சொல் வந்து நின்றதை இன்றைக்கும் உணர முடிகிறது. சொல்லவில்லை. ஏழு பேர் உயிர். விழுங்கிவிட்டு, படகுகள் வந்துகொண்டிருக்கின்றன என்று மறுபடி ஆரம்பித்தேன்.

இருட்டுவதற்கு முன்னால் இரைச்சல் தானாகவே இரண்டு மூன்று தரம் அடங்கி எழுந்தது. படகுகள் கண்ணுக்குத் தெரிந்து, அவர் வழி காட்டுகிறார் என்று சார் சொன்னார். அப்புறம் விசைப்படகிலிருந்து புதுக் குரல் வந்தது. ஏழு பேரையும் ஏற்றிவிட்டோம், தோணி மூழ்கிப் போய்விட்டது. அண்ணாச்சி தரையில் உட்கார்ந்துவிட்டார். தோணிக்காக அழுதாரா, ஆட்களுக்காக அழுதாரா என்று கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது. சார் மைக்கை வாங்கி எல்லாருக்கும் நன்றி சொல்லி, ‘அவுட்’ என்று முடித்தார்.

சில நாள் கழித்துத் தோணி ஆட்கள் எல்லாரும் அறைக்கு வந்தார்கள். சாருக்கு மாலை, எனக்கு ஒரு மக்ரூன் பொட்டலம். கூட்டத்தில் யார் கஸ்பார் என்று யாரும் காட்டவேண்டியிருக்கவில்லை. உதடு வெடித்து, கை இரண்டிலும் கட்டுப் போட்டு, ஒல்லியாக ஒருவர் பின்னால் நின்றார். சன்னலருகே நின்றார். நான் எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், ஏதோ எதிர்பார்ப்பது போல. நான் சொல்லவேண்டியதைத்தான் சொல்லிவிட்டேனே, இனி அவர் முறை என்று நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் நின்றதுதான் மிச்சம். அண்ணாச்சி எல்லாரையும் டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பதில் வராததே பதில் என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி அம்மா என்னளா முகம் ஒரு மாதிரி இருக்கு என்றபோது, வெயில் என்றேன்.

மகனைக் கடலுக்கு அனுப்புவதில்லை என்று செபஸ்தியம்மாள் அந்தச் சாயங்காலமே மாதாவிடம் நேர்ந்துகொண்டிருந்தார். கஸ்பார் மும்பைக்குப் போனார், அங்கே படகு பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷமும் அந்தக் குரல் இனி வராது என்ற ஏக்கமும் சேர்ந்தே வந்தன. எதை எதிலிருந்து பிரிப்பது? காலை அழைப்பில் மரிய தங்கம் இருந்த இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போவேன். சார் அதைக் கண்டும் காணாமல் இருந்தார்.

ஆச்சரியம் என்னவென்றால், செபஸ்தியம்மாள் சன்னலுக்கு வருவதை நிறுத்தவில்லை. கடலில் அவருக்கு யாரும் இல்லை. ஆனாலும் வந்து நின்று, அடுத்தவள் வீட்டு ஆளின் குரலைக் கேட்டுவிட்டு, எனக்கு ஒரு கருவாட்டுப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போவார். இடையில் கஸ்பாருக்குக் கல்யாணம் ஆயிற்று. எனக்கும் இரண்டு மூன்று இடம் பார்த்தார்கள், நான் ஒன்றுக்கும் சரி சொல்லவில்லை. பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

ஒருநாள் காலை, பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று மும்பைக்குப் போய்விட்டு வந்த செபஸ்தியம்மாள், மற்றப் பெண்கள் வருவதற்கு முன்னாலேயே வந்து நின்றார். ரயில் பயணம், மருமகள் குணம், பிள்ளையின் நிறம் எல்லாம் சொல்லி முடித்தார். முடித்த பிறகும் போகவில்லை.

“ஏளா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கி நீ ஏன் ஓவர் சொல்லல?”

பேட்டரி இறங்கிவிடும், அதனால்தான் சார் சொல்ல வேண்டாம் என்றார் என்று விளக்கினேன். அவர் கம்பியை ஒட்டி வந்தார்.

“அது ஒனக்குந் தெரியும், சாருக்குந் தெரியும். அவனுக்கு யாரு சொன்னா? நெஞ்சளவு தண்ணில மைக்கத் தூக்கிப் புடிச்சிக்கிட்டே நின்னானாம். டீச்சர் ஓவர் சொல்லட்டும், பதில் சொல்லுதேன்னு. நீ சொல்லவே இல்லியாம். அந்தா இங்கன வந்து நின்னப்பவும் நீ வாயத் தொறக்கலயாம். டீச்சருக்கு நம்ம பதிலு வேண்டாம் போலம்மான்னுட்டுப் போயிட்டான்.”

நாற்காலியில் உட்கார்ந்தேன். என்ன பதில் சொல்லியிருப்பார் என்று கேட்க வாய் வந்தது. அவருக்கு மனைவி இருக்கிறாள், பிள்ளை இருக்கிறது. கேட்கவில்லை. செபஸ்தியம்மாள் சன்னல் வழியே கையை விட்டு என் தலையைத் தொட்டுவிட்டு நடந்தார்.

அழைப்பு நேரம் வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தேன். ஒவ்வொரு தோணியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஓவர் சொல்லி, துவாலையில் வைத்தேன். அன்றைக்கு எல்லாத் தோணியும் முதல் அழைப்பிலேயே பதில் சொன்னது.